அடுத்த சந்திப்புக்கு இடம்

ஆகஸ்ட் 2, சனி

காலையில் தூறல். ஒன்பதுக்கெல்லாம் வெயில். டெம்போ டிராவலர் ஒன்றுக்குப் பதினோரு சீட், சிவப்பு ரெக்சின். நாலு முடிந்தது. மிஷின் ஊசி இரண்டு தடவை உடைந்தது. ஊசி மேல் தப்பில்லை. கவனம் தையலில் இல்லை.

புது நோட்டு. பழையது ஜூன் 28ஓடு நிற்கிறது, திறக்கப் பிடிக்கவில்லை. மனசில் இருப்பதை எழுதிப் பாருங்க பாய், கொஞ்சம் இறங்கும் என்று கோமதி மேடம்தான் சொன்னார். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். சரி, முதலிலிருந்து.

எங்கள் குழுவின் பெயர் 'மைல்கல்'. பதினோரு பேர். இப்போது பத்து. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சாலையோரம் கூடுவோம். பழைய மைல் கல், கைவிட்ட வளைவு, வருடம் செதுக்கிய சிறுபாலம், எண் போட்ட புளியமரம், இவற்றைப் பார்ப்போம், அளப்போம், எழுதி வைப்போம். அவ்வளவுதான். ரோட்டுல போறதுக்குத்தான் ரோடு, அதைப் பாக்கவா போவாங்க என்று ரஹீமா கேட்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து கேட்கிறாள்.

கூடும் இடத்தைப் பார்த்து முடிவு செய்வது என் வேலை. சீட் பொருத்த ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் என்னிடம் விட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மதியம் கோமதி மேடம் போன். 24ஆம் தேதி கூடலாம் என்றார். இடம் பாருங்க பாய். நீங்க பார்த்தால்தான் சரியா இருக்கும்.

இடத்துக்கு வேண்டியது:
நிழல்.
பத்து வண்டி நிறுத்த இடம், ரோட்டை விட்டு இறங்கி.
பெண்களுக்குக் கழிவறை.
டீ.
பக்கத்தில் பார்க்க ஏதாவது பழசு.
தரணி சாருக்கு ஆறு மணிக்குள் சாப்பாடு.

கை தானாக எழுதிவிட்டது. கடைசி வரியை அடித்தேன்.

தரணேந்திரன் சார். கீழ்பென்னாத்தூர் பக்கம் தபால்காரர். நயினார் குடும்பம், சமணர்கள், பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போடமாட்டார். ஜூன் 29, செங்கம் ரோட்டில் பழைய வளைவு ஒன்றில் நாங்கள் கூடியபோது பால் வண்டி மோதி இறந்தார். அந்த இடத்தைப் பார்த்து வைத்தவன் நான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசை. விடுமுறை நாள், தெருவே காலி. வேப்பமரம் இரண்டு. டீக்கடை ஒன்று திறந்திருந்தது. கழிவறை பூட்டு. திங்கள்தான் திறப்பார்களாம்.

டீ மாஸ்டர் எத்தனை பேர், என்ன கட்சி என்று விசாரித்தார். கட்சி இல்லை, ரோடு பார்க்கிறவர்கள் என்றேன். அப்போ காண்ட்ராக்டா என்றார். இல்லை, சும்மா என்றேன். அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

மரத்தடியில் அரை மணி நேரம் நின்றேன். முன்பெல்லாம் ஓர் இடத்துக்குப் போனால் கண் முதலில் கல்லைத் தேடும். இன்று வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

வேங்கிக்கால்: பாதுகாப்பு உண்டு. பார்க்க ஒன்றுமில்லை. குழுவில் போட்டேன். "டல் பாய்" என்று ஒரு பதில்.

மிச்சம் ஏழு சீட். ஃபோம் தீர்ந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று. கடை வாசலில் தொங்கவிட்ட ஸ்டியரிங் கவர் எல்லாம் ரோட்டில். பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கோமதி மேடம் போன்.

தரணி சார் வீட்டம்மா 24ஆம் தேதி வருகிறாராம். பிரபாவதி அக்கா. இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. வருவது மட்டுமில்லை, கூட்டத்தை அந்த வளைவிலேயே வைக்க வேண்டுமாம். அவர் கடைசியாக நின்ற இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலத்துக்குள் குழுவில் எல்லாரும் ஆமாம், அங்கேயே அஞ்சலி என்று போட்டுவிட்டார்கள். படம் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன் என்றார் ஒருவர். நான் எழுதினேன்: அங்கே நிழல் கம்மி, இப்போது ரோடு வேலை நடக்கிறது, வேறு பார்ப்போம்.

வேலை நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அதற்கப்புறம் நான் போகவே இல்லை. செங்கத்தில் இரண்டு வண்டிக்கு சீட் வேலை வந்தது, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று அவலூர்பேட்டை ரோடு. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மேடு, பழைய ரோடு முன்பு ஏறி இறங்கிய தடம் நன்றாகத் தெரிகிறது. தரணி சார் பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். உடைந்த பாட்டில்கள். நாலு பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்களை அழைத்து வர முடியாது.

அப்புறம் போளூர் ரோட்டில் ஒரு ஓட்டல். ஏ.சி. ஹால் உண்டு. ஜன்னல் இல்லை. மேனேஜர் ஃபங்ஷனா என்றார். ஒருவர் இறந்துவிட்டார், அதற்கு என்றேன். அதுக்குக் குடுக்கறதில்லைங்க என்றார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

முட்டி வலி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பௌர்ணமிக் கூட்டம் மதியத்திலிருந்தே. வெளியூர் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே. கடையிலிருந்து பள்ளிவாசல் போக முக்கால் மணி நேரம். நடந்திருக்கலாம்.

தொழுகைக்குப் பிறகு கை ஏந்தினேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனபின் நானும் எழுந்தேன்.

கிரிவலப் பாதை வேண்டாம். கூட்டம் இல்லாத நாளிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வளைவுக்குப் போனேன். தனியாக.

எதற்குப் போனேன் என்பதை இங்கேயாவது எழுத வேண்டும்.

ஜூன் 22, நான் இடம் பார்க்கப் போன நாள். வளைவுக்கு முன்னால் புளியமரத்தடியில் டீக்கடை வைத்திருந்த அக்கா டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த வளைவுல நிக்காதீங்கண்ணா. போன மாசந்தான் பைக்ல வந்தவரு ஒருத்தர் போயிட்டாரு. வர்ற வண்டி கண்ணுக்கே தெரியாது." சரிக்கா என்றேன். நோட்டில் எழுதியது: நிழல் உண்டு, டீ நன்று, சிறுபாலம் அருமை. அவர் சொன்னதை எழுதவில்லை. குழுவிலும் சொல்லவில்லை. சொன்னால் இடத்தை மாற்றச் சொல்வார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் செடிக்குள் மறைந்திருந்த வருடக் கல்லைக் கண்டுபிடித்தவன் நான். எல்லாரையும் நிறுத்திக் காட்ட ஆசை.

பிரபாவதி அக்கா அங்கே வந்தால் அந்த டீக்கடையில்தான் உட்காருவார். கடை அக்கா என்னைப் பார்த்ததும் சொல்வார். அதனால் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைக்கலாம் என்று போனேன். என்ன சொல்லலாம் என்று வண்டி ஓட்டிக்கொண்டே ஒத்திகையும் பார்த்தேன்.

கடை இல்லை. மெய்யாகவே ரோடு வேலை. ஓரக் கடைகளை எடுத்துவிட்டார்கள். பெஞ்ச் கால் நட்ட குழி நாலு. எங்கே போனார் என்று ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். தெரியாது.

இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று முதலில் தோன்றியது. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் வண்டியை எடுக்க முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஜல்லிக்காரர் தண்ணீர் கொடுத்தார். சுகர் இருக்குதா அண்ணா என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை, முக்கால் மணி நேரம். கடைக்குள் ஒழுகியது. ரெக்சின் சுருளை இடம் மாற்றும்போது பிரபாவதி அக்கா போன். நேராக எனக்கு.

முதலில் நலம் விசாரித்தார். ரஹீமாவை, முட்டி வலியை. அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். தரணி சாரின் போன் இப்போதுதான் ஸ்டேஷனில் இருந்து கிடைத்ததாம்.

"சட்டைப் பாக்கெட்லயே இருந்துச்சாம் பாய், பட்டன் போட்டு. படம் எடுக்க ரோட்டுக்குப் போனாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

எடுத்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டிருப்பார் என்றேன்.

கடைசிப் படம் டீ டம்ளர் என்றார். அதற்கப்புறம் இருபது நிமிஷம் கழித்துத்தான் எல்லாம் நடந்ததாம். மகள் சௌமியா போனில் நேரம் பார்த்துச் சொன்னாளாம்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். சரிங்க பாய் என்று வைத்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோமதி மேடம்: கூட்டத்துக்கு முன்னால் பிரபாவதி அக்கா ஒருமுறை அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஞாயிறு போகலாம், நானும் வருகிறேன், உங்கள் ஆம்னி வேனில் அழைத்துப் போங்க பாய்.

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். மூன்று இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம். வெயில் இல்லை.

காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் பிரபாவதி அக்கா. கையில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டில், வேறொன்றும் இல்லை. இளைத்துவிட்டார். கோமதி மேடம் முன் சீட்டில், அவர் பின்னால். வழியெல்லாம் மேடம்தான் பேசினார், மருமகளைப் பற்றி, பருப்பு வேகாததைப் பற்றி. நல்லதாகப் போயிற்று.

வளைவுக்கு முன்பே நல்ல அகலமான இடத்தில் நிறுத்தினேன். கோமதி மேடம் இறங்கவில்லை. அன்று தரணி சார் கழுத்தில் கை வைத்துப் பார்த்தவர் அவர்தான். நான் இங்கயே இருக்கேன் என்றார்.

நாங்கள் இருவரும் நடந்தோம். புளியமரம், அதற்குக் கீழே மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடம். அதைத் தாண்டி வளைவு, வளைவில் சிறுபாலம். புளியமரத்தடியில் இருந்து பாலம் தெரியாது. அதனால் அன்று குழுவில் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பிரபாவதி அக்கா எங்கே என்று கேட்டார். காட்டினேன். தார் விளிம்பு. இப்போது ஜல்லி பரப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. பிறகு சொன்னார்:

"அவங்கண்ணன் எழவு வீட்லயே சொன்னாரு பாய். ரோட்டைப் பாக்குற பைத்தியத்துல செத்தான்னு. எல்லாரும் அதான் சொல்றாங்க. நானும் சொல்லிட்டேன். புத்தி இல்லாம நடு ரோட்டுல போய் போட்டோ புடிச்சிருக்காரேன்னு ரெண்டு மாசமா தினம் அவரைத் திட்டிட்டிருக்கேன். போட்டோவுக்கு முன்னாடி நின்னு."

ஒரு லாரி போனது. இருவரும் ஒதுங்கினோம்.

அப்போது சொன்னேன். படம் எடுக்கப் போகவில்லை. நான்தான் கூப்பிட்டேன். பாலத்தின் பழைய அகலத்தை அளக்க வேண்டும் என்று டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். நான் சுவருக்குக் கீழே குந்தி வருடக் கல்லில் டேப்பை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் தார் விளிம்பில், வளைவுக்கு முதுகு காட்டி. ரோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. டேப் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அதைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டேன். போலீஸ் கேட்டபோது படம் எடுக்கப் போனார் என்றேன். டீக்கடை அக்கா ஒரு வாரம் முன்பே எச்சரித்ததையும் சொன்னேன்.

நான் பேசி முடித்த பிறகும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவர் மேல தப்பில்ல."

இல்லைக்கா என்றேன்.

"நீங்க நிக்கச் சொன்ன எடத்துல நின்னாரு."

ஆமாம்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அது வேணாம் பாய், அதை வச்சிகிட்டு நான் என்ன பண்றது என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வேனுக்குத் திரும்பும்போது நாலடி முன்னால் நடந்தார். பாதியில் நின்றார்.

"மீட்டிங்குக்கு எடம் தேடாதீங்க. எங்க வீட்ல வைங்க. அவங்கண்ணன் இருப்பாரு, சௌமியா இருப்பா. உங்க ஆளுங்க எல்லாரும் வரட்டும். எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லுங்க."

சரி என்றேன். வேனில் கோமதி மேடம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. 

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்ததுதான். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா என்றால், இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கடை திறக்கவில்லை. ரஹீமாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள்.

அன்று வந்ததும் வராததுமாக டேப்பைத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தீங்களே, அப்பவே எதுவோ இருக்குன்னு தெரியும் என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்களா சொல்லணும்னு இருந்தேன் என்றாள். கொஞ்சம் கழித்து, போலீஸ் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா என்றாள். தெரியாது என்றேன். கீரையைக் கழுவ எழுந்து போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

குழுவில் போட்டேன்: 24 ஞாயிறு, மதியம் 3 மணி. இடம்: தரணி சார் வீடு. கீழ்பென்னாத்தூரில் இருந்து நாலு கிலோமீட்டர். சாப்பாடு ஐந்தரைக்குள் முடிந்துவிடும்.

மற்ற ஒன்பது பேரும் கட்டைவிரல். ஆறு வருடத்தில் நான் சொன்ன இடத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லாதது இதுதான் முதல் தடவை. நான் பார்த்த இடமும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டெம்போ டிராவலர் போனது. ஓட்டுநர் சீட்டில் தையல் கோணல். அவர் கவனிக்கவில்லை. நானாகச் சொல்லிப் பிரித்துத் தைத்தேன்.

பசி இல்லை.

ஃப்ளெக்ஸ் அடித்தவர் படம் அனுப்பினார். தரணி சார் ஒரு மைல் கல்லில் கை வைத்துச் சிரிக்கிறார். படம் எடுத்தது நான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில் ஜாஸ்தி. ரோட்டில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள், பாதி ரோடு.

ரஹீமா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வந்துவிட்டாள்.

ஓட்டு வீடு, முன்னால் சிமென்ட் களம். வேப்பமர நிழல். வண்டி நிறுத்த இடம் தாராளம். கழிவறை சுத்தம். என் பட்டியலை இந்த வீட்டைப் பார்த்துத்தான் எழுதினேனோ என்று இருந்தது. இங்கே கூடலாம் என்று தரணி சார் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். வீட்டில் என்ன பார்க்க இருக்கிறது சார் என்று நான்தான் தட்டிக் கழித்தேன்.

களத்தில் பாய் விரித்திருந்தார்கள். எங்கள் பத்துப் பேர், ரஹீமா. தரணி சாரின் அண்ணன் ஜெயபால் நாற்காலியில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு. சௌமியா கதவருகே நின்றிருந்தாள். கல்லூரி மூன்றாம் வருடம். அப்பா சாயல், நெற்றி மட்டும்.

ஒருவர் எழுந்து தரணி சாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிரபாவதி அக்கா, முதலில் பாய் பேசட்டும் என்றார்.

நின்றுகொண்டு சொன்னேன். அன்று வளைவில் சொன்ன அதே வரிசை. டேப், கல், பை, போலீஸ், டீக்கடை. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, பாயின் விளிம்பைப் பார்த்தேன். முடித்தேன். எங்கோ போர்வெல் மோட்டார் ஓடும் சத்தம்.

முதலில் பேசியது சௌமியா.

"ஏன் அங்கிள் போலீஸ்கிட்ட மாத்தி சொன்னீங்க?"

"பயந்துட்டேம்மா."

"அப்பாவுக்கு அப்போ உயிர் இருந்துச்சா? நீங்க டேப்பைச் சுருட்டும்போது?"

இல்லை என்று சொல்ல வந்தேன். எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை, டேப்பைத்தான் பார்த்தேன். அதைச் சொன்னேன். கோமதி மேடம் எழுந்து, நான் வரும்போது இல்லைம்மா, அடிபட்ட உடனே போயிருக்கும், வலி தெரிஞ்சிருக்காது என்றார். நர்ஸ் குரலில். உண்மையா, அவளுக்காகச் சொன்னதா, தெரியவில்லை. சௌமியா உள்ளே போய்விட்டாள்.

ஜெயபால் அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டுக்குள்ளிருந்தே, என் தம்பியைப் பைத்தியம்னு சொன்னனே, பொணத்தை வச்சிகிட்டு சொன்னனே என்றார். திரும்பத் திரும்ப அதையே. பிரபாவதி அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை, சும்மா நின்றார்.

அந்தப் பால் வண்டி டிரைவரும் இதையேதான் சொன்னான் என்றார் அக்கா, எல்லாருக்கும் பொதுவாக. ஆள் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாருன்னு. நாங்க யாரும் நம்பல. அவன் வேகமா வந்தது வேற, அதுக்கு அவன் பதில் சொல்லட்டும். ஆனா பொய் சொல்றான்னு ஊரே சொல்லுச்சு.

குழுவில் நாலு பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள். அதில் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது, எங்ககிட்டயாவது அந்த டீக்கடை விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே பாய் என்றார். ஃப்ளெக்ஸைக் கட்டாமலே சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

மீதிப் பேருக்கு ஐந்து மணிக்குச் சாப்பாடு. சாம்பார், கத்தரிக்காய், அப்பளம், பாயசம் இல்லை. ரஹீமா எழுந்து பரிமாறப் போனாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கும் இலை போட்டார்கள். போட்டது ஜெயபால் அண்ணன். கண் சிவந்திருந்தது. சாப்பிடுங்க, பொழுது போயிடும் என்றார். அது மன்னிப்பு இல்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு இலை போட்டார், அவ்வளவுதான். சாப்பிட்டேன். 

கிளம்பும்போது கோமதி மேடம் தனியாகக் கூப்பிட்டார். இனிமே எடம் பாக்குற வேலை உங்களுக்கு வேணாம் பாய் என்றார். தலையாட்டினேன். நீங்க குழுவை விட்டுப் போகணும்னு நான் சொல்லல, ஆனா அது வேணாம். மறுபடியும் தலையாட்டினேன்.

நாளை ஸ்டேஷன் போகிறேன் என்று பிரபாவதி அக்காவிடம் சொன்னேன். நானும் வரேன் என்றார். நீங்க எழுதறதை நான் படிக்கணும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். பத்து மணிக்கு ஸ்டேஷன். டேப்பையும் எடுத்துப் போனேன், துணியோடு.

ஏட்டு ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். முதலில் புரியவில்லை, நான் புகார் கொடுக்க வந்தேன் என்று நினைத்தார். முன்பு கொடுத்த வாக்குமூலம் தவறு, மாற்ற வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதனால உங்களுக்குத்தான் சிக்கல், தெரியுதுல்ல என்றார். தெரியும் என்றேன். இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு மணிக்கு வருவார், அதுவரை நடந்ததை உங்கள் கையால் எழுதுங்கள் என்று வெள்ளைத் தாள் கொடுத்தார்.

வெளியே மர பெஞ்ச். பிரபாவதி அக்கா ஒரு முனையில், நான் ஒரு முனையில். நடுவில் அவர் துணிப்பை. மூன்று பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன்.

கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். திரும்ப முதல் வரியிலிருந்து படித்தார். மடித்தார், கொடுக்கவில்லை.

"டேப்பைக் கையில குடுத்தப்போ அவர் எதாவது சொன்னாரா?"

சொன்னார் என்றேன்.

"என்ன?"

"தார் ஓரம் வரைக்கும் போயிட்டு, 'இங்க போதுமா பாய்'னு கேட்டாரு."

"நீங்க?"

பெஞ்சில் என் கையைப் பார்த்தேன். பழைய ரோட்டு விளிம்புக் கல் தாருக்குள் புதைந்திருந்தது. அது வரைக்கும் அளந்தால்தான் சரியான அகலம் கிடைக்கும். சரியாக வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"இன்னும் ரெண்டடி பின்னால போங்க சார்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஜீப் உள்ளே வந்து நின்றது, யாரோ இறங்கினார்கள். பிறகு தாளைப் பிரித்து, இரண்டாம் பக்கத்தை மேலே வைத்து, என் பக்கம் நகர்த்தினார்.

"அதையும் எழுதுங்க."

எழுதினேன்.